முந்நூறு பவுணுக்கு நாற்பது குதிரை

லப்டொப்போடு வந்து, ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள சொக்கெட்டில் ஒரு வயரைக் குத்தி, ஒரு மணித்தியாலத்தில் உங்கள் காருக்கு நாற்பது குதிரைவலு கூட்டித் தருகிறேன் என்று சொல்பவரை நம்பாதீர்கள்.

அவர் பொய் சொல்கிறார் என்று நான் சொல்லவில்லை. பெரும்பாலும் உண்மைதான் சொல்கிறார். 150 குதிரைவலு டர்போ டீசல் கார் ஒன்றைக் கொண்டுபோனால், 190க்குக் கிட்ட வரும். முந்நூறு பவுண் கொடுத்த அன்றைக்கே வரும். நோர்த் சேர்க்குலரில் ஏறும்போதே காலுக்குக் கீழே தெரியும். எனக்கு அதுதான் பிரச்சினை. வேலை செய்யாத சாமான் என்றால் இரண்டு நாளில் விட்டுவிடுவீர்கள். இது வேலை செய்கிறது. ஆனால் அந்த நாற்பது குதிரையும் எங்கிருந்து வந்தன என்று அவர் சொல்வதில்லை, நீங்களும் கேட்பதில்லை.

கோயில் திருவிழாவில், பிறந்தநாள் ஹோலில், கல்யாண வீட்டுக் கார் பார்க்கில் என்று எங்கே போனாலும் என்னிடம் இந்தக் கேள்வி வருகிறது. “அண்ணா, நீங்கள் என்ஜினியரிங் படிச்சனீங்கள்தானே, ஸ்டேஜ் வண் அடிக்கலாமோ?” பெடியள் மட்டும் கேட்பதில்லை. கடைசியாகக் கேட்டவள் இப்போதுதான் லைசன்ஸ் எடுத்த ஒரு தங்கச்சி. அவளுடைய கேள்வி மற்ற எல்லோருடையதையும்விடக் கூர்மை: “முதல்ல, டர்போவும் சூப்பர்சார்ஜரும் ஒண்டோ?” அங்கிருந்தே தொடங்குவோம்.

என்ஜின் பெற்றோலில் ஓடுகிறது என்பது பாதி உண்மை. ஒரு கிராம் பெற்றோல் சரியாக எரிய ஏறத்தாழ 14.7 கிராம் காற்று வேண்டும். பெற்றோலைக் கூட்டுவது லேசு, கொஞ்சம் பெரிய பம்ப் இருந்தால் போதும். காற்றைக் கூட்டுவதுதான் கஷ்டம். சாதாரண என்ஜினில் பிஸ்டன் கீழே இறங்கும்போது வெளிக்காற்று தானாக உள்ளே வருகிறது. வளிமண்டலம் தள்ளுகிற அளவுதான் வரும். அதற்கு மேல் வேண்டுமென்றால் சிலிண்டரைப் பெரிதாக்க வேண்டும், அல்லது என்ஜினை இன்னும் வேகமாகச் சுற்றவிட வேண்டும், அல்லது காற்றை அமுக்கித் திணிக்க வேண்டும்.

சூப்பர்சார்ஜர், டர்போ இரண்டும் அமுக்கித் திணிக்கிற ஆட்கள். சூப்பர்சார்ஜரை என்ஜினின் தண்டே பெல்ட்டாலோ பல்சக்கரத்தாலோ சுற்றுகிறது. கால் வைத்தவுடன் வேலை செய்யும். ஆனால் தன் கூலியை என்ஜினிடமே பிடித்துக்கொள்ளும். டர்போவைச் சுற்றுவது வெளியே போகிற புகை. சுவிற்சர்லாந்துப் பொறியியலாளர் அல்ஃபிரட் பியூக்கி இந்த யோசனைக்கு 1905 இல் காப்புரிமை எடுத்தார். வீணாய்ப் போகிற சூட்டில் வேலை வாங்குவதால் எரிபொருள் மிச்சம். ஆனால் புகை வேகமெடுத்துச் சக்கரத்தைச் சுற்றும்வரை கொஞ்சம் காத்திருக்க வேண்டும். ஆக, இரண்டும் செய்கிற வேலை ஒன்று, சம்பளம் வாங்குகிற இடம் வேறு.

இரண்டுக்கும் பொதுவான வியாதி ஒன்று இருக்கிறது. சைக்கிளுக்குக் காற்றடித்துவிட்டுப் பம்பின் அடியைத் தொட்டுப் பாருங்கள், சுடும். காற்றை அமுக்கினால் சூடாகும். சூடான காற்றைச் சிலிண்டருக்குள் மறுபடி அமுக்கினால், ஸ்பார்க் பிளக் பொறி விட்ட பிறகு, எரிதழல் வந்து சேருமுன்பே, மூலையில் இருக்கிற கலவை தானாக வெடிக்கும். இதற்குப் பெயர் நொக்கிங். சுத்தியலால் பிஸ்டனின் தலையில் அடிப்பது போன்றது.

இந்தச் சத்தம் எங்கள் அப்பாமாருக்குப் புதிதல்ல. 1990களில் பொருளாதாரத் தடை இருந்த காலத்தில், யாழ்ப்பாணத்தில் பெற்றோல் கிடைக்காமல் கார்களை மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். கொஞ்சப் பெற்றோலைக் காபரேற்றருக்குள் விட்டு ஸ்டார்ட் பண்ணி, என்ஜின் சூடான பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவது. ஒஸ்ரின் ஏ40, மொறிஸ் மைனர் எல்லாம் அப்படித்தான் ஓடின. மேடு ஏறும்போது அவை இடிக்கிற சத்தத்தை எங்கள் அப்பா இன்றைக்கும் வாயாலே செய்து காட்டுவார். அந்தக் கார்கள் ஏன் சாகவில்லை? அவை சிலிண்டருக்குள் மிகக் குறைவாக அமுக்குகிற பழைய என்ஜின்கள். மண்ணெண்ணெயின் ஒக்டேன் படுமோசம். ஆனாலும் அந்த என்ஜின்களிடம் பொறுத்துக்கொள்ள இடம் இருந்தது. இன்றைய சின்ன டர்போ என்ஜினில் அதைச் செய்தால் பிஸ்டனைக் கடகத்தில் அள்ளலாம்.

அந்த ‘இடம்’ என்ற சொல்லை ஞாபகத்தில் வைத்திருங்கள். இந்தக் கட்டுரை முழுக்க அதைப் பற்றித்தான்.

இனி லண்டனுக்கு வருவோம். வெம்பிளியிலிருந்து அதிக தூரம் இல்லை, கிறிக்கிள்வுட்டில் ஒக்ஸ்கேற் லேன் என்று ஒரு தெரு. 1920களில் பென்ட்லி கார்கள் அங்கேதான் செய்யப்பட்டன. இன்றைக்கு ரீமப் பற்றி நடக்கிற சண்டை முழுவதும் நூறு வருடத்துக்கு முன் அந்தக் கம்பனிக்குள் நடந்து முடிந்த சண்டைதான். வாகனங்கள் மாறிவிட்டன, வாதங்கள் மாறவில்லை.

ஒரு பக்கம் கம்பனியைத் தொடங்கிய டபிள்யூ. ஓ. பென்ட்லி. வலு கூட வேண்டுமென்றால் என்ஜினைப் பெரிதாக்கு என்பது அவர் கொள்கை. 3 லீற்றரில் தொடங்கி, நாலரை, ஆறரை, கடைசியில் 8 லீற்றர் வரை போனார். மற்றப் பக்கம் சேர் ஹென்றி பேர்க்கின், எல்லோரும் ‘டிம்’ என்று கூப்பிட்ட ரேஸ் ஓட்டுநர். புள்ளி போட்ட பட்டுச் சால்வை, பயம் இல்லாத கால். நாலரை லீற்றர் என்ஜினைப் பெரிதாக்கத் தேவையில்லை, அதற்கு ஒரு சூப்பர்சார்ஜர் போடு என்றார் அவர். அம்ஹர்ஸ்ட் வில்லியர்ஸ் என்ற பொறியியலாளர் அதை வடிவமைத்தார். டோறதி பஜெட் என்ற பணக்காரப் பெண்மணி ரேஸ் அணிக்குக் காசு போட்டார். கம்பனிக்குப் பெரிய முதலீடு கொடுத்த வூல்ஃப் பார்னாட்டோவும் சம்மதித்தார். லு மான் ஓட்டப் போட்டிக்குத் தகுதி பெற 50 கார் செய்ய வேண்டும், செய்தார்கள். பென்ட்லிக்குத் துளியும் விருப்பமில்லை. அது தன் என்ஜினைக் கெடுக்கிற வேலை என்றே பின்னாளிலும் எழுதினார். என்ஜினுக்குள் மாற்றம் செய்ய அவர் இடம் கொடுக்காததால், சூப்பர்சார்ஜரை ரேடியேற்றருக்கு முன்னால், காரின் மூக்கிலே தொங்கவிட்டார்கள். படம் பார்த்தால் உடனே தெரியும், முன்னால் ஒரு பெரிய இரும்புப் பொட்டலம்.

வேலை செய்ததா? நன்றாகவே செய்தது. சாதாரண நாலரை லீற்றர் 110 குதிரைவலு. ‘புளோவர்’ என்று பெயர் வாங்கிய சூப்பர்சார்ஜர் கார் தெருவில் 175, ரேஸில் 240. கால் வைத்தவர்கள் எல்லோரும் மயங்கினார்கள். இன்றைக்கும் உலகம் முழுக்க ‘பென்ட்லி’ என்றால் சுவரில் மாட்டுகிற படம் அந்தக் காருடையதுதான்.

1930 லு மான், 24 மணித்தியால ஓட்டம். பேர்க்கின் தன் புளோவரில், சூப்பர்சார்ஜர் வைத்த மெர்சிடிஸில் வந்த ருடோல்ஃப் கரச்சியோலாவைத் துரத்தினார். ரயர் கிழிந்து துண்டு பறக்கப் பறக்க முந்தினார் என்பது ரேஸ் உலகத்தின் புராணக் கதைகளில் ஒன்று. ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். அந்த மெர்சிடிஸின் சூப்பர்சார்ஜர் எந்த நேரமும் ஓடாது. ஓட்டுநர் காலை அடிமட்டம் வரை அமத்தினால்தான் கிளச் பிடித்துச் சுற்றும். தேவைப்படும் நேரத்துக்கு மட்டும் ஒரு தள்ளு. புளோவரில் அப்படி இல்லை, நேரே தண்டோடு பிணைத்தது, எப்போதும் சுற்றும்.

முடிவு என்ன? அன்றைக்கு ஓடிய புளோவர்கள் இரண்டும் என்ஜின் உடைந்து நின்றன. மெர்சிடிஸும் நின்றது. ஜெயித்தது சூப்பர்சார்ஜர் இல்லாத, பென்ட்லி தன் கொள்கைப்படி பெரிதாக்கிய ஆறரை லீற்றர் ஸ்பீட் சிக்ஸ். ஓட்டியவர்கள் பார்னாட்டோவும் கிளென் கிட்ஸ்டனும். இரண்டாவதாக வந்ததும் இன்னொரு ஸ்பீட் சிக்ஸ். புளோவர் தன் வாழ்நாளில் ஒரு பெரிய ஓட்டத்தையும் ஜெயிக்கவில்லை. அதே வருடம் போ நகரில் நடந்த பிரெஞ்சு கிராண்ட் பிரீயில் பேர்க்கின் இரண்டாவதாக வந்ததுதான் கிட்டப் போன ஒன்று.

ஆனால் அதே என்ஜினைத் தனி இருக்கைக் காரில் வைத்து, 1932 இல் புறூக்லண்ட்ஸ் வளையத்தில் பேர்க்கின் ஒரு சுற்று ஓடினார்: மணிக்கு 137.96 மைல், அப்போதைய சாதனை. ஒரு சுற்று என்றால் சாதனை, ஒரு நாள் என்றால் உடைந்த என்ஜின். ரீமப் செய்த கார்களை மெச்சுகிற வீடியோக்கள் எல்லாம் ஏன் முப்பது செக்கனில் முடிகின்றன என்று இப்போது விளங்குகிறதா?

இதை வைத்துப் பென்ட்லி சரி, பேர்க்கின் பிழை என்று தீர்ப்புச் சொல்கிற ஆட்களும் எங்களுக்குள் நிறைய. மாமாமார் கட்சி என்று வைத்துக்கொள்வோம். “டர்போ கார் வாங்காதை தம்பி, எண்பதினாயிரத்தில கழண்டிடும், பழைய ஜப்பான் கார் மாதிரி வராது.” இந்தக் கட்சிக்கும் நான் ஆள் இல்லை. அவர்களுக்கான பதிலும் இதே நகரத்தில் இருக்கிறது. கொலிண்டேலில் இருக்கிற விமானப்படை மியூசியத்துக்குப் போங்கள், உள்ளே போகக் காசு இல்லை.

அங்கே நிற்கிற ஸ்பிட்ஃபயரின் மூக்குக்குள் இருப்பது ரோல்ஸ் ரோய்ஸ் மெர்லின் என்ஜின், 27 லீற்றர். 18,000 அடியில் காற்றழுத்தம் தரையில் இருப்பதில் பாதிதான். சூப்பர்சார்ஜர் இல்லாவிட்டால் அந்த உயரத்தில் வலுவில் பாதி போய்விடும். போர் தொடங்கும்போது ஆயிரம் குதிரைவலுவுக்குக் கிட்ட நின்ற மெர்லின், போர் முடியும்போது அதே 27 லீற்றரில் 2,000ஐத் தாண்டியிருந்தது. சிலிண்டரைப் பெரிதாக்கவில்லை. காற்றைத் திணிக்கிற விதத்தைத் திருத்தினார்கள், எரிபொருளைத் திருத்தினார்கள், ஒவ்வொரு தடவையும் எது உடைகிறதோ அதையும் திருத்தினார்கள்.

இதில் பெரிய பங்கு ஸ்டான்லி ஹூக்கர் என்பவருக்கு. இம்பீரியல் கல்லூரியில் படித்த கணிதக்காரர், 1938 இல் ரோல்ஸ் ரோய்ஸுக்கு வந்தார். என்ஜின் அனுபவம் இல்லாதவர். சூப்பர்சார்ஜரைத் தொட்டுப் பார்க்குமுன் கணக்குப் போட்டார். காற்று நுழைகிற வழியிலும் வெளிவருகிற வழியிலும் எவ்வளவு வீணாகிறது என்று அளந்தார். பிறகு இரண்டு கட்ட சூப்பர்சார்ஜர் வந்தது. முதல் கட்டம் அமுக்கியதை இரண்டாவது கட்டம் மறுபடி அமுக்கும், சூடேறிய காற்றைக் குளிரவைக்கத் தனி ஏற்பாடு. அந்த என்ஜின் வைத்த ஸ்பிட்ஃபயர் ஒன்பதாம் வகை 1942 ஜூலையில் முதலில் போனது கிழக்கு லண்டன் ஹோர்ண்சேர்ச்சில் இருந்த 64ஆம் படைப்பிரிவுக்கு. அதற்கு முந்தின வருடத்திலிருந்து ஜெர்மனியின் ஃபொக்க வுல்ஃப் 190 பிரித்தானிய விமானிகளைப் படாதபாடு படுத்திக்கொண்டிருந்தது. அதற்கு ஈடு கொடுத்தது இந்த விமானம்தான். அமுக்கித் திணித்த காற்றுக்கு இந்த நகரம் கடமைப்பட்டிருக்கிறது என்றால் அது மிகை இல்லை.

எனக்கு இதில் மிகவும் பிடித்த விவரம் வேறொன்று. 1940 இல் 100 ஒக்டேன் எரிபொருள் வந்தவுடன், மெர்லினின் திணிப்பு அழுத்தத்தைச் சதுர அங்குலத்துக்கு 6¼ இறாத்தலிலிருந்து 12 இறாத்தல் வரை கூட்ட அனுமதித்தார்கள். அதாவது விமானப்படையும் ‘ஸ்டேஜ் வண்’ அடித்தது! ஆனால் எப்படி? எரிபொருளை மாற்றிய பிறகு. என்ஜினை அதற்கேற்பத் தயார்படுத்திய பிறகு. அவசரத்துக்கு மட்டும், ஒரே மூச்சில் ஐந்து நிமிடத்துக்கு மேல் கூடாது என்ற கட்டளையோடு. விமானி தரையிறங்கியதும் அதைப் பயன்படுத்தியதாகச் சொல்ல வேண்டும், என்ஜின் பதிவேட்டில் எழுத வேண்டும். எதிரி துரத்தி வரும்போது உயிர் தப்புவதற்காகக் கூட்டிய அழுத்தத்தைக்கூட எழுதி வைத்தார்கள். நீங்கள் மக்டொனால்ட்ஸ் கார் பார்க்கிலிருந்து வெளிக்கிடக் கூட்டிய அழுத்தத்தை இன்சூரன்ஸ்காரனிடம் சொல்லமாட்டேன் என்கிறீர்கள்.

இனி உங்கள் காருக்கு வருவோம்.

லண்டனிலிருந்து எம்25ஐத் தாண்டினால் எசெக்ஸில் டன்டன் என்ற இடம். ஃபோர்ட் அங்கே ஒரு தொழில்நுட்ப நிலையம் வைத்திருக்கிறது. ஒரு லீற்றர் எக்கோபூஸ்ட் என்ஜின் அங்கேதான் உருவானது. 999 சிசி, மூன்று சிலிண்டர், என்ஜின் புளொக் ஒரு ஏ4 தாளின் மேல் நிற்கும். டர்போ நிமிடத்துக்கு 248,000 தடவை வரை சுற்றும். 2012, 2013, 2014 என்று மூன்று வருடம் தொடர்ந்து உலகின் சிறந்த என்ஜின் விருது வாங்கியது. பழைய 1.6 லீற்றர் செய்த வேலையை ஒரு லீற்றர் செய்கிறது. மாமாமார் கட்சிக்கு இதுதான் என் இரண்டாவது பதில். அதன் டைமிங் பெல்ட் எண்ணெய்க்குள் ஓடுகிறது, அது பின்னாளில் பலருக்குத் தலையிடி கொடுத்தது. உண்மை. ஆனால் அது டர்போவின் பிழை அல்ல. பிழையான எண்ணெய் விட்டால், எண்ணெய் மாற்றாமல் விட்டால் இந்த மாதிரி என்ஜின் மன்னிக்காது என்பதற்கு அது நல்ல சாட்சி.

இப்படி ஒரு என்ஜினைச் செய்கிறவர்கள் எல்லையிலே கொண்டுபோய் நிறுத்துவதில்லை. கொஞ்சம் இடம் விடுகிறார்கள். அந்த இடம் யாருக்கு? ஸ்கொட்லாந்துக் குளிரில் ஸ்டார்ட் பண்ணுகிறவருக்கு. ஓகஸ்ட் வெய்யிலில் ஐந்து பேரோடு ஸ்பெயின் மலை ஏறுகிறவருக்கு. மட்டமான பெற்றோல் அடிக்கிறவருக்கு. ஒரு சர்வீஸைத் தவறவிடுகிறவருக்கு. பத்து வருடம் கழித்து மூன்றாவது கையாக வாங்கப்போகிற ஒரு மாணவிக்கு. ரீமப் என்பது இந்த இடத்தை எடுத்து முந்நூறு பவுணுக்கு உங்களுக்கே விற்பது. காரோடு ஏற்கெனவே காசு கொடுத்து வாங்கிய சாமானை இரண்டாம் தடவை வாங்குகிறீர்கள்.

நான் சாப்பாட்டுக்காகச் செய்கிற வேலை கணினி ஆலோசனை. ஒரு வங்கியின் மென்பொருளில் ஒரு எண்ணை மாற்ற வேண்டுமென்றாலும் பரிசோதனைச் சூழலில் ஓட்டி, இரண்டு பேர் பார்த்து, பிழைத்தால் பழையபடி திருப்புகிற வழியை எழுதி வைத்த பிறகுதான் தொடலாம். கார் என்ஜினின் கட்டுப்பாட்டுப் பெட்டிக்குள் இருப்பதும் மென்பொருள்தான். ஆயிரக்கணக்கான எண்கள், எவ்வளவு அழுத்தம், எத்தனை பாகையில் பொறி, எந்தச் சூட்டில் பின்வாங்கு என்று. அதில் எதை மாற்றினார்கள் என்று கேட்டால் “ஃபைல் வெளியிலிருந்து வாங்குறனாங்கள்” என்று சொல்கிற கடைகள் இருக்கின்றன. அந்த ஃபைலை எழுதியவர் உங்கள் காரைக் கண்ணால் கண்டதில்லை. என் சொந்தக்காரப் பெடியன் ஒருவன் டீசல் கார் ஒன்றில் இப்படிச் செய்து, சில மாதத்தில் மேடு ஏறும்போது கிளச் வழுக்கத் தொடங்கியது. கடைக்காரர் சொன்னது: “அது மெக்கானிக்கல், எங்கட வேலை சொஃப்ட்வெயர்.” கூட்டிய முறுக்குவிசை முழுவதும் கிளச் வழியாகத்தானே போகிறது! புதுக் கிளச்சுக்கு ரீமப்பைப் போல மூன்று மடங்கு காசு போனது.

சின்ன பெற்றோல் டர்போக்களில் இன்னொரு ஆபத்து. மெல்லிய வேகத்தில், உயர்ந்த கியரில், காலை முழுக்க அமத்தும்போது, பொறி விடுமுன்பே கலவை பற்றிக்கொள்ளும். ஒரே தடவையில் பிஸ்டனை உடைக்கக்கூடியது. இதைக் குறைக்கவே புதிய எண்ணெய் வகைகள் வந்தன. எங்களுக்குப் பிடித்த அந்த ‘கீழேயிருந்தே இழுவை’ கூட்டுகிற ரீமப், சரியாக அந்த இடத்தில்தான் கையை வைக்கிறது.

இதற்கு வருகிற நல்ல மறுப்பு ஒன்று உண்டு, அதை மறைக்கமாட்டேன். ஒரே என்ஜினைக் கம்பனியே 100 என்றும் 125 என்றும் இரண்டு விலைக்கு விற்கிறது, வித்தியாசம் மென்பொருள் மட்டும்தானே என்று கேட்பீர்கள். சில கார்களில் அது உண்மை. அந்தக் கார்களில், அந்த எண் வரைக்கும் போவதில் எனக்குப் பெரிய ஆட்சேபம் இல்லை, இன்சூரன்ஸுக்குச் சொன்னால். ஆனால் வேறு பல கார்களில் வலுக்கூடிய பதிப்புக்கு வேறு டர்போ, வேறு இன்ஜெக்டர், பெரிய குளிர்விப்பான், வேறு கிளச், பெரிய பிரேக் இருக்கும். உதிரிப்பாக இலக்கங்களை ஒப்பிட்டுப் பார்த்தால் அரை மணித்தியாலத்தில் தெரிந்துவிடும். கேட்டவர்களில் அதைப் பார்த்துவிட்டு வந்தவர் இன்றுவரை ஒருவர்: அந்தத் தங்கச்சி.

இன்சூரன்ஸ் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், இது விவாதத்துக்குரிய விஷயம் இல்லை. விண்ணப்பத்திலேயே காரில் மாற்றம் செய்திருக்கிறீர்களா என்று கேட்டிருப்பார்கள். தெரிந்தே மறைத்தால், 2012ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒப்பந்தத்தையே செல்லாது என்று சொல்ல அவர்களுக்கு உரிமை உண்டு. உங்கள் காருக்கு ஒரு சதமும் வராது, அடிபட்ட மற்றவருக்குக் கொடுத்த காசை உங்களிடம் கேட்டு வரலாம், இனி எந்தக் கம்பனிக்குப் போனாலும் ‘ரத்தானது’ என்று எழுத வேண்டும். இன்சூரன்ஸ் இல்லாமல் ஓட்டிப் பிடிபட்டால் குறைந்தது 300 பவுணும் 6 புள்ளியும். லைசன்ஸ் எடுத்து இரண்டு வருடத்துக்குள் 6 புள்ளி வந்தால் லைசன்ஸே போய்விடும். திரும்ப எல் போர்டு, திரும்பத் தியறி.

எல்லாவற்றையும்விட எனக்குக் கோபம் வருவது வெடிச்சத்தத்துக்கு. காலை எடுக்கும்போது புகைக்குழாய் ‘பட பட’ என்று வெடிக்க வேண்டும் என்று கேட்டு வாங்குகிறார்கள். அது வலுவும் இல்லை, வேகமும் இல்லை. எரியாத பெற்றோலை வேண்டுமென்றே வெளியே விட்டு, புகைக்குழாய்க்குள் எரிய வைப்பது. டர்போவும் கற்றலிற்றிக் கொன்வேர்ட்டரும் அந்தச் சூட்டில் வேகும், பிறகு எம்.ஓ.ரி பரிசோதனையில் புகை தேறாமல் நிற்பீர்கள். அதுவாவது உங்கள் காசு. இரவு பதினொரு மணிக்கு ஹரோவிலும் ஈஸ்ட் ஹாமிலும் நீங்கள் வெடித்துக்கொண்டு போகிற தெருக்களில், வெடிச்சத்தம் கேட்டால் இன்றைக்கும் திடுக்கிட்டு எழும்பி உட்காருகிற அம்மம்மாக்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு அது எஸ்கோஸ்ட் சத்தம் என்று விளங்க அரை நிமிடம் பிடிக்கும். அந்த அரை நிமிடத்தில் அவர்கள் எந்த ஊரில், எந்த வருடத்தில் இருக்கிறார்கள் என்று உங்கள் வீட்டிலேயே கேட்டுப் பாருங்கள்.

ஓட்டுகிற இடத்தையும் பார்க்க வேண்டும். லண்டனில் பெருந்தொகைத் தெருக்களில் இப்போது 20 மைல் எல்லை. அந்த நாற்பது குதிரையும் முழுதாக ஓட இங்கே தெரு இல்லை. சிக்னலில் உங்களுக்குப் பக்கத்தில் சத்தமில்லாமல் நிற்கிற மின்சார டாக்சி, முதல் முப்பது அடிக்கு உங்களுக்கு முன்னால் போகும். வெட்கமாக இல்லையா?

முந்நூறு பவுண் கையில் இருந்தால், கம்பனி சொன்ன தரத்தில் எண்ணெய், நேரத்துக்கு முன்பே மாற்றுங்கள். முன் சக்கரத்துக்கு நல்ல ரயர் இரண்டு போடுங்கள். ஈரத் தெருவில் காரின் குணமே மாறிவிடும். மிச்சத்தில் வெய்பிரிட்ஜில் இருக்கிற புறூக்லண்ட்ஸ் மியூசியத்துக்கு ஒரு சனிக்கிழமை. பேர்க்கின் ஓடிய சாய்ந்த கொங்கிறீட் பாதையில் மிச்சம் இருக்கிற துண்டில் ஏறி நின்று பாருங்கள். அந்தச் சாய்வில் 137 மைல் என்பதற்கு என்ன பொருள் என்று முழங்கால் சொல்லும்.

இவ்வளவும் வாசித்த பிறகும் செய்யத்தான் போகிறேன் என்றால், வயரைக் குத்த விடுமுன் கடைக்காரரிடம் நான்கு விஷயம் கேளுங்கள். என் காரை, வேறு யாருடைய காரையும் அல்ல, செய்வதற்கு முன்னும் பின்னும் டைனோவில் ஏற்றி வரைபடம் தருவீர்களா? ஓட்டிப் பார்க்கும்போது நொக்கிங்கையும் உள்ளே போகிற காற்றின் சூட்டையும் பதிவுசெய்து காட்டுவீர்களா? பழைய ஃபைலைப் பிரதி எடுத்து என் கையில் தருவீர்களா? செய்த மாற்றத்தை, இத்தனை குதிரைவலு என்று போட்டு, இன்சூரன்ஸுக்கு அனுப்ப ஒரு கடிதம் எழுதித் தருவீர்களா? முதல் மூன்றுக்கும் ஓம் சொல்லிவிட்டு, நாலாவதுக்கு “அதெல்லாம் அவங்களுக்குத் தெரியவராது தம்பி” என்றால், சாவியை வாங்கிக்கொண்டு வெளிக்கிடுங்கள்.